மொக்கைச்சாமி ஒழுங்காக மாட்டிய மெசின்

விருமாண்டி மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சொல்லலாம். அவர் இருந்தவரைக்கும் இந்த விஷயம் என் வாயைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்று எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டவர் மொக்கைச்சாமி அண்ணன். இப்போது கேட்டாலும் அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதனால் நான் கேட்கவில்லை.

நான் கருப்பு. திருநகரில் திருமங்கலம் ரோட்டின் மேலேயே தையல் கடை வைத்திருந்தேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் மொக்கைச்சாமி அண்ணனின் எலக்ட்ரிக் கடை. மோட்டார், ரேடியோ, ஃபேன், மைக் செட் எல்லாம் 'ரிப்பேர் செய்து மாட்டித் தரப்படும்' என்று போர்டு எழுதி வைத்திருந்தார். அந்த 'மாட்டித் தரப்படும்' என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் அவர் வாழ்க்கையில் பாதித் துன்பம் வந்திருக்காது.

ரிப்பேர் செய்வதில் அந்த மனுஷனைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். செத்துப்போன ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பாட வைத்துவிடுவார். ஆனால் மாட்டுவது இருக்கிறதே, அய்யய்யோ! தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் வீட்டில் சீலிங் ஃபேன் மாட்டினார். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், காற்று மட்டும் மேற்கூரையைப் பார்த்துப் போகும். எங்கள் தெரு வாத்தியார் வீட்டு மாடியில் சிலோன் டிவி பார்ப்பதற்கு ஆன்டெனா மாட்டினார். அது பழனியைப் பார்த்து நின்றது. ஏண்ணே என்று கேட்டால், "சிலோன் எந்தப் பக்கம்னு அவரு சொல்லவே இல்லையேப்பா" என்றார். வாத்தியார் பத்து நாள் வெறும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. கடைக்குள் தனியாக உட்கார்ந்தால் அவருக்குப் பொறுமை உண்டு. ஏணியில் ஏறி, கீழே நாலு பேர் அண்ணாந்து பார்த்துவிட்டால் போதும், கை பரபரக்க ஆரம்பித்துவிடும். சீக்கிரம் முடித்துக் காட்டி ஒரு சபாஷ் வாங்க வேண்டும். போல்ட்டை முக்கால்வாசி முறுக்கிவிட்டு, "ஆச்சுண்ணே, சுவிட்சைப் போடுங்க" என்பார். முறுக்காமல் விட்ட அந்தக் கால்வாசியைத்தான் அவர் ஆயுசு முழுக்கச் சுமந்தார்.

இதெல்லாம் வெளி ஆட்களிடம் நடந்தவரைக்கும் சிரித்துவிட்டுப் போனோம். மாமனார் கிணற்றில் நடந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

மாமனார் விருமாண்டிக்கு ஊர் பேரையூருக்கு அந்தப் பக்கம். ஊர்ப் பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். அந்த ஊர்க் கண்மாய்க்குக் காவல், மடை திறப்பு, அடைப்பு எல்லாம் அவர் குடும்பத்துப் பொறுப்பு. ஊரில் பெரிய மனுஷன், வாயும் பெரிது. எண்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில் பேய்மழை பெய்ததே, அப்போது அவர் கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. உள்ளே இருந்த மோட்டார் முழுகிப் போகாமல் மேலே தூக்கி மாட்ட வேண்டும். மருமகனைக் கூப்பிட்டார். அண்ணன் போனார். கிணற்றைச் சுற்றி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். வேறென்ன சொல்ல வேண்டும்? மோட்டாரை மேலே தூக்கிப் பலகையில் மாட்டினார், சுவிட்சைப் போட்டார், அது ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பலகையோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

அண்ணன் கிணற்றடியிலிருந்து அப்படியே பஸ் ஏறித் திருநகர் வந்துவிட்டார். ரெண்டு நாள் கழித்து, விடாத மழையில் நனைந்துகொண்டு மாமனார் வந்து தெருவில் நின்றார். வீட்டுக்குள் வரவில்லை.

"ஏ ஒச்சம்மா! பெட்டிய எடு. மோட்டாரைக் கெணத்துல போட்ட ஆளு உன்னைய எதுல போடுவாருன்னு எனக்குத் தெரியாது. கெளம்பு."

ஒச்சம்மாள் மதினி வாசலுக்கு வந்தார். எங்கள் தெருவிலேயே சத்தம் போட்டுப் பேசாத மனுஷி அவர். அப்பாவைப் பார்த்தார், அப்புறம் புருஷனைப் பார்த்தார். அண்ணன் கையில் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா உங்களுக்கு?" என்று மதினி கேட்டார்.

வரவில்லை. மதினி பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அண்ணனைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேகாத சோற்றையும் குழைந்த சோற்றையும் மாறி மாறித் தின்றார். சட்டைக்குப் பித்தான் போனால் என்னிடம் வருவார், நான் தைத்துக் கொடுத்தால் அது மதினி தைப்பது மாதிரி இல்லை என்று ஒரு குறை வேறு. பேரையூர் பஸ் கடையைத் தாண்டும்போதெல்லாம் தலையைத் தூக்குவார். பஸ் நிற்காமல் போனதும் மறுபடி குனிந்துகொள்வார். "போய்க் கூப்பிடுங்கண்ணே" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "எந்த மூஞ்சியோட போவேன் கருப்பு?" என்பார். எனக்கு அவர் மேல் கோபமும் வரும், அழுகையும் வரும்.

கோடை வந்தது. ஒருநாள் ஒரு டிராக்டர் வந்து கடை வாசலில் நின்றது. டிரெய்லரில் ஒரு சின்னத் தோணி. தோணிக்குள் வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்தான். அவன் மாமனார் ஊர்க்காரன், பம்பாயில் கப்பலில் சமையல் வேலை பார்ப்பவன், லீவில் வந்திருந்தான். மடியில் துணி சுற்றிய ஒரு பெட்டி.

"அண்ணே, இது மீன் காட்டுற மெசினு. எங்க கேப்டன் ஊருக்குப் போறப்ப அவரு சின்ன போட்டுலருந்து கழட்டிக் குடுத்தாரு. தண்ணிக்குள்ள மீனு எங்க கெடக்கு, எம்புட்டு ஆழத்துல கெடக்குன்னு காட்டிரும். இதை நம்ம கண்மாய்த் தோணியில மாட்டணும். உங்க மாமனாருதேன் அனுப்பி விட்டாரு."

அண்ணன் கையிலிருந்த மோட்டார் காயிலைக் கீழே போட்டுவிட்டார். "யாரு? மாமாவா? எங்கிட்டயா?"

வெள்ளைத்துரை நடந்ததைச் சொன்னான். அந்த ஊரில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஒருநாள் மீன்பிடித் திருவிழா. அதுவரைக்கும் ஒருவரும் கண்மாயில் தூண்டில்கூடப் போடக்கூடாது. அன்றைக்குக் காலையில் விருமாண்டி மாமா கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், சுற்றுப்பட்டிச் சனமெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும். பிடித்தது பிடித்தவருக்கு. விற்கக்கூடாது, ஆக்கித் தின்ன வேண்டும். அந்த வருஷம் மழை நிறைய என்பதால் மீனும் நிறைய என்று ஊர் நம்பியிருந்தது. முந்தின நாளே மெசினை விட்டு, மீன் எவ்வளவு கிடக்கிறது என்று வந்த விருந்தாளிகளுக்குக் காட்டினால் பக்கத்து ஊர்க்காரன் வாயைப் பிளப்பான் என்று வெள்ளைத்துரை ஊர் கூடும் சாவடியில் சொல்லியிருக்கிறான். எல்லாருக்கும் குஷி. மாமனார் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டே, "மெசினை என் மருமகன் மாட்டட்டும்" என்றாராம்.

"எல்லாரும் சிரிச்சாங்கண்ணே. அவரு சிரிக்கல. 'மாப்ள மாட்டி, மெசினு ஊரு முன்னால ஓடிருச்சுன்னா என் மகளை அன்னைக்கே பஸ் ஏத்தி விடுறேன். ஓடலன்னா அவ எங்கூடயே இருக்கட்டும். அதுவரைக்கும் அவரு ஊருக்குள்ள கால வைக்கப்படாது'ன்னுட்டாரு. அதேன் தோணியவே தூக்கிட்டு வந்துட்டோம்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் முட்டாள்தனமாக, "பாத்தீங்களாண்ணே, மாமாவுக்கு எம்புட்டுப் பெரிய மனசு!" என்றேன். அந்த மனசின் அளவு அப்புறம்தான் தெரிந்தது.

திருமங்கலம் ரோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் தோணி நின்றது. பஸ்ஸில் போகிறவனெல்லாம் தலையை நீட்டி, "என்னப்பா, திருநகருக்குக் கடல் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். வழக்கமாக இப்படிக் கூட்டம் பார்த்தால் அண்ணனுக்குக் கை பரபரக்கும். இந்தத் தடவை அவர் என்னிடம் வந்து, பழைய துணியெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு பெரிய திரை தைத்துத் தரச் சொன்னார். தோணியைச் சுற்றித் திரையைக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அவர் வியாதி தெரிந்திருந்தது, பாருங்கள்.

மெசின் ரெண்டு பகுதி. ஒன்று வட்ட டயல் வைத்த பெட்டி. இன்னொன்று சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டை, அதிலிருந்து நீளமாக ஒரு வயர். கட்டை தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அது கீழே பார்த்து ஒரு சத்தம் விடும், நம் காதுக்குக் கேட்காது. அது தரையில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து டயலில் சிவப்பு வெளிச்சம் விழும். மேலே சுழியில், அதாவது பூஜ்யத்தில், ஒரு வெளிச்சம், தரை இருக்கும் ஆழத்தில் ஒரு வெளிச்சம். ரெண்டுக்கும் நடுவில் சின்னச் சின்னதாக மின்னினால் அது மீன். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எங்கள் தெரு வாத்தியார்தான் படித்துச் சொன்னார், ஆன்டெனாவை மறந்துவிட்டு. நல்ல மனுஷன்.

புத்தகத்தில் கட்டையைப் படகின் பின்பக்கத் தட்டைப் பலகையில் மாட்டு என்று போட்டிருந்தது. எங்கள் தோணிக்கு முன்னும் பின்னும் கூர், தட்டைப் பலகையே கிடையாது. முதலில் அண்ணன் கட்டையைத் தோணிக்குள்ளேயே அடிப்பலகையில் திருகினார். டிராக்டரில் ஏற்றிப் பக்கத்திலிருந்த தென்கால் கண்மாய்க்குக் கொண்டுபோய் இறக்கிப் பார்த்தோம். டயல் இருட்டாக இருந்தது. கட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவில் பலகையும் காற்றும் இருந்தால் சத்தம் போகாதாம். அப்புறம் ஒரு இரும்புப் பட்டையை வளைத்து மூக்குப் பக்கம் வெளியே தொங்கவிட்டார். தோணி நகர்ந்ததும் டயல் முழுக்கச் சிவப்பாகத் திமிலோகப்பட்டது. நான் துள்ளிவிட்டேன். "அண்ணே! தென்கால் கண்மாய்ல தண்ணியவிட மீனு சாஸ்தி!" அண்ணன் துள்ளவில்லை. தோணியை நிறுத்தச் சொன்னார். நின்றதும் சிவப்பு அடங்கிவிட்டது. மூக்கு தண்ணீரைக் கிழிக்கும்போது வருகிற நுரையைத்தான் மெசின் மீன் என்று காட்டியிருக்கிறது.

பழைய மொக்கைச்சாமியாக இருந்தால் அந்த நுரையோடு ஊருக்குப் போய் சபாஷ் வாங்கியிருப்பார். இந்தத் தடவை தோணியைத் திருப்பித் திரைக்குள் கொண்டுபோய்விட்டார். பட்டையைப் பின்பக்கம், விலாவோரமாக மாற்றினார். கட்டை அடிப்பலகைக்குக் கீழே ஒரு விரல்கடை மட்டும் இறங்கி இருக்கும்படி வைத்தார், அதிகம் இறங்கினால் சேற்றில் இடிக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை இரவல் வாங்கி, கட்டையின் முகம் சாயாமல் நேர் கீழே பார்க்கிறதா என்று பார்த்தார். சந்தனப் பொட்டு வைக்க வந்த எதிர்க் கடைக்காரரிடம், "முகத்துல வைக்காதீங்க, பட்டையில வைங்க" என்று தடுத்துவிட்டு, முகத்தை சோப்புப் போட்டுத் துடைத்தார். போல்ட்டை முழுசாக முறுக்கினார். முறுக்கிவிட்டு என்னையும் ஒருதரம் முறுக்கிப் பார்க்கச் சொன்னார். நகரவில்லை.

தென்காலில் மறுபடி இறக்கினோம். சுழியில் ஒரு வெளிச்சம், தரையில் ஒரு வெளிச்சம், நடுவில் ஒரு இடத்தில் கொத்தாக மின்னியது. அங்கே மீன் பிடிக்கிறவரைக் கெஞ்சி அந்த இடத்தில் வீச்சுவலையைப் போடச் சொன்னார். வலையில் கெண்டை துள்ளியது. அண்ணன் அந்த ஈரத் தோணியிலேயே உட்கார்ந்து அழுதார். "ஒச்சம்மா வந்துருவாள்ல?" என்று என்னைக் கேட்டார். "வராம எங்க போகப் போறாங்க" என்றேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஊரில் போய் இறங்கினோம். தோணியைக் கண்மாயில் விட்டாயிற்று. கரையெல்லாம் சனம். சுற்றுப்பட்டி உறவுகள் கூடையும் வலையுமாக வந்து இறங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு மீன் குழம்புக்கு மசாலா அரைக்கிற சத்தம். ஒச்சம்மாள் மதினி கரையில் மற்றப் பெண்களோடு நின்றார். இளைத்துப் போயிருந்தார். அண்ணன் பார்த்தார், அவரும் பார்த்தார், ரெண்டு பேரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தோணியில் அண்ணன் டயல் பெட்டியோடு உட்கார்ந்தார். நான் மெசினுக்குக் கரண்டு கொடுக்கிற லாரி பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டேன். கம்பு போட்டுத் தள்ளுவதற்கு வெள்ளைத்துரை வந்தான். மாமனார் விடவில்லை. "இந்தக் கண்மாய்ல நாந்தேன் கம்பு போடுவேன்" என்று வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

தோணி நகர்ந்தது. சுழியில் ஒரு வெளிச்சம், ஆறு அடியில் ஒரு வெளிச்சம். நடுவில் ஒன்றுமில்லை. மடைப் பக்கம் போனோம், ஒன்றுமில்லை. நடுக்கண்மாய்க்குப் போனோம், ஒன்றுமில்லை. அண்ணன் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுக் கட்டையின் முகத்தைத் தடவிப் பார்த்தார், பட்டையை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அம்புட்டுப் பெரிய கண்மாயில் ஒரு கொக்குகூட இல்லை.

"என்ன காட்டுது?" என்றார் மாமனார், கம்பை நிறுத்தி.

"தரையக் காட்டுது மாமா."

"அதுக்கு மேல?"

அண்ணன் டயலை அவர் பக்கம் திருப்பினார். மாமனார் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் அறிவில்லாமல், "அண்ணே, மீனே இல்லையா?" என்று வாயைத் திறந்தேன். அண்ணன் என் முழங்காலைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

மாமனார் எழுந்து தோணியைக் கரைக்குத் திருப்பினார். கரை நெருங்க நெருங்க வெள்ளைத்துரை கத்தினான்: "அண்ணே! எம்புட்டு மீனுண்ணே?" கரையே அதைத் திருப்பிக் கேட்டது.

அண்ணன் எழுந்து நின்றார். உள்ளதைச் சொன்னால் போதும். மெசின் ஓடுகிறது, தென்காலில் காட்டியது, இங்கே மீன் இல்லை, அதனால் காட்டவில்லை. விருமாண்டி சொன்ன வாக்குப்படி மதினி அன்றைக்கே பஸ் ஏற வேண்டும். அண்ணன் மதினியைப் பார்த்தார். அப்புறம் மாமனாரைப் பார்த்தார். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தோணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் நின்றார். சுற்றுப்பட்டிக்கெல்லாம் சொல்லி அனுப்பி விருந்துக்கு அழைத்த மனுஷன்.

"மெசினு ஓடலப்பா" என்றார் அண்ணன். "நான் மாட்டுனதுல கோளாறு. எங்கையில எது உருப்பட்டிருக்கு?"

கரை முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேட்டரியைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன், கனம் விடவில்லை. மதினி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

"இருந்து, நாளைக்கு மீனு தின்னுட்டுப் போங்கண்ணே" என்று வெள்ளைத்துரை அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். மறுநாள் காலையில் மாமனார் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். அவர் முகத்தைப் பார்த்தது நானும் அண்ணனும்தான், மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹோவென்று சத்தம் போட்டுச் சனம் உள்ளே விழுந்தது. கலக்கினார்கள், அமுக்கினார்கள், வலையை இழுத்தார்கள். நத்தை வந்தது, சேறு வந்தது, ஒரு தண்ணிப்பாம்பு வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது ஒவ்வொருவராகக் காலிக்கூடையோடு கரை ஏறி விருமாண்டியைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்போது எவனோ ஒருத்தன் சொன்னான்: "நேத்து அந்த மெசினை உள்ள விட்டாங்கள்ல?"

அவ்வளவுதான். "ஆமாய்யா! பேட்டரி வச்சுல்ல கொண்டு போனாங்க." "கரண்டு விட்டு அம்புட்டு மீனையும் வெரட்டிப்பிட்டான்யா!" "கோளாறா மாட்டுனேன்னு அந்தாளே சொன்னான்ல!" சுற்றிலும் அடைத்துக் கிடக்கிற கண்மாயிலிருந்து மீன் எந்த பஸ் ஏறிப் போயிருக்கும் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. நான், "அட வடிகட்டின முட்டாள்களா!" என்று எழுந்தேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். எல்லாரையும்விடச் சத்தமாக அவரை ஏசியது மாமனார்தான். மோட்டாரில் ஆரம்பித்து மீனில் முடித்தார்.

மீன்பிடித் திருவிழா அன்று அந்த ஊர் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு மணந்தது. அரைத்த மசாலாவை என்ன செய்வது? பேரையூருக்கு ஆள் அனுப்பிக் கருவாடு வாங்கி வந்திருந்தார்கள். எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. மெசினைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். இதை இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வெள்ளைத்துரை கும்பிட்டுக் கொடுத்துவிட்டான்.

பஸ் வருகிற நேரத்துக்கு மதினி வந்தார். நேரே அண்ணன் முன்னால் வந்து நின்றார். "ஊரே உங்களை ஏசுது. அதை நான் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கணுமா?" என்றார். பின்னாலேயே மாமனார், மகளின் தகரப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு, தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தார்.

"மீனை வெரட்டுனவன் வீட்டுக்குத்தேன் போவேங்குறா! போகட்டும்! எனக்கு மகளே இல்ல!"

கத்திக்கொண்டே பெட்டியை பஸ்ஸுக்குள் ஏற்றினார். கத்திக்கொண்டே அதை சீட்டுக்கு அடியில் தள்ளினார். இறங்கும்போது குரலை இறக்கிக் கண்டக்டரிடம், "உள்ள கண்ணாடிச் சாமான் இருக்குய்யா. பள்ளத்துல மெதுவா விடச் சொல்லு" என்றார். மருமகன் தோளில் ஒருதரம் கையை வைத்து எடுத்தார். கீழே இறங்கி மறுபடி ஏச ஆரம்பித்தார். பஸ் திரும்பும்வரை ஏசிக்கொண்டே நின்றார்.

நான் பின் சீட்டு. புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரும் எனக்கு முன் சீட்டு. ரொம்ப தூரம் போனதும் மதினிதான் ஆரம்பித்தார்.

"டயல்ல ஒண்ணுமே காட்டலயா?"

"தரை காட்டுச்சு. வேற ஒண்ணும் காட்டல. மெய்யாவே எதும் தப்பா மாட்டிட்டனோ என்னமோ, தெரியல. தென்கால்ல நல்லாத்தேன் காட்டுச்சு. எங்கையப் பத்தி எனக்கே நம்பிக்கையில்ல ஒச்சம்மா."

அடப்பாவி மனுஷா என்று நினைத்தேன். கரையில் அவர் சொன்னது பொய் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவரே அதைப் பாதி நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

மதினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கண்மாய் நெறஞ்சு கலுங்கு வழியா தண்ணி வெளிய போறப்ப, மீனு போயிறாம மூங்கில் தட்டி கட்டணும். அது அப்பா வேலை. அன்னைக்கு அவரு கட்டல. என்னையக் கூட்டிட்டு வாரேன்னு திருநகருல வந்து மழையில நின்னு கத்திக்கிட்டு இருந்தாரு. நாங்க திரும்பி வந்து பாத்தா ராவெல்லாம் கலுங்கு பாஞ்சிருக்கு. அப்பறமா தட்டியக் கட்டிப்பிட்டு, முந்தியே கட்டுனேன்னு ஊருக்குச் சொல்லிட்டாரு. எனக்கு மட்டுந்தேன் தெரியும். மீனு பாதியாச்சும் கெடக்கும்னு நம்பிக்கிட்டு இருந்தாரு."

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார்.

"அதேன் மெசினை உங்களை மாட்டச் சொன்னாரு" என்றார் மதினி. "நீங்க மாட்டுனா ஓடாதுன்னு அவருக்கு அம்புட்டு நம்பிக்கை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. மோட்டார் விழுந்ததால் மாமனார் திருநகர் வந்தார், மாமனார் வந்ததால் தட்டி இல்லை, தட்டி இல்லாததால் மீன் இல்லை. ஆக, ஊர்க்காரன் சொன்னதும் முழுப்பொய் இல்லை. மீனை விரட்டியது மொக்கைச்சாமி அண்ணன் மாட்டிய மெசின்தான், ஆனால் அது வேறு மெசின். இதை இப்போது சொன்னால் மதினி செருப்பைக் கழற்றுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் அந்தக் கணக்குக்கெல்லாம் போகவில்லை. மாமனார் தன்னை எப்படி எடைபோட்டார் என்பதும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மடியிலிருந்த துணி மூட்டையை மெதுவாகப் பிரித்து, டயலின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"அப்ப, இதை நான் சரியாத்தேன் மாட்டிருக்கேன்?" என்றார்.

"சரியாத்தேன் மாட்டிருக்கீங்க" என்றார் மதினி.

அவர் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஏணியில் ஏறி நின்று அவர் தேடிய சபாஷ், பேரையூர் பஸ்ஸில் ஒரே ஒரு ஆள் வாயிலிருந்து வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினார்.

"கருப்பு, கேட்டியா?"

"கேட்டேண்ணே."

"யார்ட்டயும் சொல்லிறாத. மாமா பாவம்."